தொண்ணூறு நாள் தொடாத கோப்புகள்

பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

இங்கு நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பதாக மாமியார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பதால், அதை நான் தனியாகக் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஓர்ப்படி உறவு கொண்டாட வந்துவிட்டாள் என்று நினைக்காதே. இது அச்சகத்து வேலை.

கல்வி வாரியம் பிரெயில் கணிதக் குறிகளை மாற்றிவிட்டது. பின்னம், வர்க்கமூலம், அடைப்புக்குறி என்று பத்தொன்பது குறிகளுக்குப் புதுப் புள்ளிகள். பள்ளிப் பிள்ளைகள் இந்த வருடம் முழுக்கப் புதுக் குறிகளில்தான் படித்திருக்கிறார்கள். இறுதித் தேர்வின் வினாத்தாளை அடிப்பது நம் அச்சகம். ஆனால் எழுத்தைப் புள்ளியாக மாற்றும் உன் நிரலுக்குப் பழைய குறிகள் மட்டும்தான் தெரியும். அட்டவணையைத் தனிக் கோப்பாக வைக்காமல் நிரலோடு சேர்த்துத் தைத்துவிட்டாய். அப்போதே சொன்னேன். அதை விடு.

உன் மூலநிரலைத் திறந்து பத்தொன்பது வரிகளையும் மாற்றிவிட்டேன். கம்பைலரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்கிறது இயந்திரம். போய்ப் பார்த்தேன். அதன் கோப்புகளை வைத்திருந்த அடைவு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. நாம் எழுதுவதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தரும் ஆளே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

வினாத்தாளின் பிரெயில் தகடுகள் ஏப்ரல் 2க்குள் தயாராக வேண்டும். தேர்வு 16ஆம் தேதி. தகடு வராவிட்டால் முப்பத்து நாலு பிள்ளைகளுக்கும் கணிதத்திலிருந்து 'விலக்கு' கொடுத்துவிடுவார்களாம். சலுகை மாதிரிதான் சொல்கிறார்கள். மதிப்பெண் சான்றிதழில் அந்த ஒரு சொல் ஏறிவிட்டால் அறிவியலோ வணிகமோ மேலே படிக்க முடியாது. விலக்குப் படிவங்கள் இப்போதே அச்சாகி வந்துவிட்டன. வாரியத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மேலாளர் வெளியாட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் மவுஸ் எங்கே என்று தேடினார். இன்னொருவர், "இதைக் கொண்டுபோய் மியூசியத்துல வைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். தகடு குத்தும் இயந்திரம் இந்தச் சாம்பல் நிறப் பழைய கணினிப் பெட்டியின் பேச்சைத் தவிர வேறு எதையும் கேட்காது என்று உனக்குத் தெரியும். கடைசியில் வேறு ஆளில்லாமல் என்னிடமே வந்தார். விசைப்பலகையைத் தொட எனக்கு ஏப்ரல் 2 வரை தற்காலிக அனுமதி. பழைய அனுமதி ஏன் பறிபோனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

பதிலைப் பிரெயிலிலேயே எழுது. உன் கடிதத்தை இன்னொருவர் எனக்குப் படித்துக் காட்டுவது எனக்கு வேண்டாம். கட்டளைகளும் தாளில் இருந்தால் இடது விரலை அதில் வைத்துக்கொண்டு வலது கையால் அடித்துவிடுவேன்.

பெரியவள்


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உறையைத் தடவியதுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. பிரிக்காமல் அரைமணி நேரம் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கொழுந்தனார், "அண்ணி லெட்டர்தானே, பிரிச்சிப் பாரு, கடிக்காது" என்றார். லேசாகக் கடித்தது.

ஊசியும் பலகையும் வைத்துக் குத்தி ஒரு வருடம் ஆகிறது. என் பிழைகளை எண்ணாமல் படியுங்கள், அக்கா. உங்களால் முடியாது என்று தெரியும், முயற்சி செய்யுங்கள்.

முதலில் ஒன்று. கோபப்படாமல் கேளுங்கள். கம்பைலர் தானாக எழுந்து எங்கும் போகாது. வேலை வட்டில் இடம் போதவில்லை என்று எதையாவது நீக்கினீர்களா? போன தடவை மாதிரி, இது தேவையில்லை என்று நினைத்து? குறை சொல்லக் கேட்கவில்லை. என்ன போயிற்று என்று தெரிந்தால் சரிசெய்வது சுலபம், அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு சிடி அனுப்புகிறேன். இங்கே அலை அளக்கும் நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார். நம் பெட்டியின் ரகத்துக்காகவே கட்டி வைத்திருக்கும் இலவசக் கம்பைலர். அடுத்த தாளில் பதினொரு கட்டளைகள் இருக்கின்றன. உங்கள் சொந்தக் கணக்கிலேயே நிறுவிவிடலாம். மொத்த இயந்திரத்துக்கும் அதிகாரியான அந்த ரூட் கணக்கு இதற்குத் தேவைப்படாது.

அந்த முப்பத்து நாலு பிள்ளைகளின் சான்றிதழில் அந்தச் சொல் ஏறவே கூடாது. எப்படியாவது முடித்துவிடுவோம்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

சிடி வந்தது. பதினொரு கட்டளைகளில் ஒன்பது நடந்தன. பத்தாவதில் நின்றது. தனக்கு வேண்டிய நூலகக் கோப்பு இந்த இயந்திரத்தில் இல்லை என்று விரலடியில் புள்ளி எழும் என் பிரெயில் பட்டையில் வந்தது. நம் பெட்டியில் இருக்கும் யூனிக்ஸை விட இரண்டு பதிப்பு புதியதற்காகக் கட்டியது அது. அக்காவுக்குத் தங்கை சட்டையை வாங்கி அனுப்பியிருக்கிறாய். கை நுழையவில்லை.

அலமாரியில் இயந்திரத்தோடு வந்த அசல் கம்பைலர் வட்டு இருக்கிறது. உரிம எண் கேட்கிறது. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்த எண்ணில் இப்போது மெத்தை விற்கிறார்கள். அந்தப் பெண் மிகவும் அன்பாகப் பேசினாள், ஒரு தலையணை வாங்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கோபத்தோடுதான் கேட்டேன். காலையில் வந்த கடிதத்துக்குச் சாயங்காலம் வரை கோபம் இருந்தது.

கம்பைலர் இருந்த அடைவு ரூட்டுக்குச் சொந்தம். ரூட்டைத் தவிர வேறு யாராலும் அதில் ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. அப்படி வைத்தவளே நீதான். ஊருக்குப் போவதற்கு முன்னால் ரூட்டின் கடவுச்சொல்லை மாற்றி, யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனவளும் நீதான். பூட்டின வீட்டில் பொருள் காணாமல் போனால் சாவியே இல்லாதவளையா பிடிப்பார்கள்?

அன்றைக்கு மேலாளர் முன்னால், தகடு குத்தும் ஃபிட்டர் முன்னால், நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "கண்ணு தெரியாதவங்க கையில ரூட்டைக் குடுத்தது என் தப்புதான் சார்" என்றாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது உனக்கு அப்போது மறந்துவிட்டது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் வட்டைச் சுத்தம் செய்தேன், திங்கட்கிழமை புவியியல் புத்தகத்தின் ஆறு பாடங்களைக் காணவில்லை. அதைப் பற்றி நான் இப்போது பேச வரவில்லை. ஆனால் கம்பைலரை நான் தொடவில்லை. இதை மட்டும் என்னால் நிரூபிக்க முடியும்.

இருபத்து நாலு நாள்தான் இருக்கிறது. வேறு வழி இருந்தால் எழுது. இல்லையென்றாலும் எழுது, நான் பள்ளித் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லவேண்டும்.

பெரியவள்


மார்ச் 14

அக்கா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். பூட்டின வீட்டுக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ரூட் மட்டும்தான் அழிக்க முடியும். ரூட் நான் மட்டும்தான். நானோ இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மாதமாக அந்தப் பெட்டியில் ரூட்டாக யாருமே நுழையவில்லை.

ரூட்டின் கடவுச்சொல்லைத் தனித்தாளில் குத்தியிருக்கிறேன். முதல் கடிதத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிடித்தமான பதில் வரவில்லை.

அன்று நான் சொன்னது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று தாளை வீணாக்கினேன். சொன்ன விதம் ரொம்பத் தப்பு, அக்கா. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். புத்தகம் போன ஆத்திரத்தில் வாயில் வந்துவிட்டது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொரு சிடி அனுப்புகிறேன். இதில் இருப்பது இலவசக் கம்பைலரின் மூலநிரல், நம் பெட்டியின் காலத்துப் பழைய பதிப்பு. இதைக் கட்டி எடுத்தால் அளவு சரியாக இருக்கும். ஆனால் ஒரு கம்பைலரைக் கட்டவே ஒரு கம்பைலர் வேண்டும். கோழி வேண்டுமென்றால் முட்டை, முட்டை வேண்டுமென்றால் கோழி. அங்கே ஒரு அரைகுறை கம்பைலர் கிடக்கும். இயந்திரத்தின் அடிமட்ட நிரலான கெர்னலை மாற்றிக் கட்டுவதற்கு மட்டும் என்று இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. அதை நம்பி இறங்க வேண்டாம். கொஞ்சம் புதுவிதமாக எழுதிய சி மொழி நிரலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் ஒரு தடவை முயன்று, திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வழி தெரியவில்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே என்றுதான் சிடியை அனுப்புகிறேன். தலைமையாசிரியையிடம் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் போங்கள்.

சின்னவள்


மார்ச் 23

சின்னவளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சிடி வந்தது வியாழக்கிழமை. நீ அனுப்பிய கம்பைலர் மூலநிரலோடு, அதை நிறுவும் முறையைப் பற்றி ஒரு கோப்பு இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வரி. என் பட்டையில் ஒரு நேரத்தில் நாற்பது எழுத்துதான் எழும். உன்னைப் போலக் கண்ணை ஓட்டிவிட்டு, 'இதெல்லாம் தெரிந்ததுதான்' என்று தாண்டிப் போக எனக்கு வசதியில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள், முதல் எழுத்தில் ஆரம்பித்தால் கடைசிப் புள்ளியில்தான் எழுந்திருப்பேன். இரண்டு நாள் படித்தேன். வெவ்வேறு இயந்திரங்களுக்கு வெவ்வேறு பத்தி. நம் பெட்டியின் பெயர் ஆயிரத்து எழுநூறு வரிக்கு அப்பால் வந்தது. இயந்திரத்தோடு இலவசமாக வரும் அரைகுறை கம்பைலரே போதும், அது படிக்கிற பழைய நடையிலேயே இந்தப் பதிப்பை எழுதியிருக்கிறோம் என்று போட்டிருந்தது. ஒரே ஒரு சின்னக் கோப்பை முன்கூட்டியே தனியாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நீ திட்டிவிட்டு விட்டுவிட்டாயே, அந்த ஒரு கோப்புதான் உனக்கும் அதற்கும் நடுவில் நின்றிருக்கிறது.

எனக்குச் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபிட்டர் ஓடி வந்து, "என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?" என்றார்.

சனிக்கிழமை மூலநிரலை வேலை வட்டில் பிரித்து வைத்தேன். திங்கட்கிழமை கட்ட ஆரம்பிக்கலாம் என்று வந்தேன். அடைவுக்குள் போனேன். காலி. இரண்டாயிரம் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை.

அந்த நிமிஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது. சனிக்கிழமை நான்தான் கடைசியாகத் தொட்டேன். ரூட்டாக நுழைந்திருந்தேன். வேறு யாரும் இல்லை. அப்படியே எழுந்து போய் மேலாளரிடம், நானே மறுபடி கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று வாசல் வரை போய்விட்டேன்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். உன் பழைய கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. தானாக எழுந்து எங்கும் போகாது. சரி, தானாகப் போகாவிட்டால், இந்த வீட்டில் ஆளில்லாதபோது நடமாடுவது யார்? ரூட் தன் பெயரில் நேரம் குறித்து வைத்திருக்கும் வேலைகளின் பட்டியலைக் கேட்டேன். மூன்று வரி வந்தது. ஒன்று பதிவுக் கோப்புகளுக்கு, ஒன்று கடிகாரத்துக்கு. மூன்றாவது இது: ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு, வேலை வட்டில் தொண்ணூறு நாளாக மாற்றம் இல்லாத கோப்பு எதுவாக இருந்தாலும் அழித்துவிடு. யாரையும் கேட்காதே, எதுவும் சொல்லாதே.

சிடியிலிருந்து பிரித்த கோப்புகளின் தேதி எல்லாம் பல வருடத்துக்கு முந்தியது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதற்கு விருந்து. வேலை வட்டில் இருந்த உன் கம்பைலரும் அப்படித்தான் போயிருக்கிறது; உன் நிரல் இயந்திரத்தின் முதல் வட்டில் இருந்ததால் தப்பியது. நீ நிறுவிய தேதியிலிருந்து தொண்ணூறு நாள் எண்ணிப் பார்த்தேன். நீ போன இரண்டாவது மாதம்.

அந்த வேலைக் கோப்பைக் கடைசியாக யார் எப்போது திருத்தினார்கள் என்றும் பார்த்தேன். போன வருடம் ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாளைக்கு மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த நாள் திங்கள். புவியியலின் ஆறு பாடங்கள் வாரியத்தின் ஒப்புதலுக்காக மார்ச்சிலிருந்து தொடாமல் கிடந்தன. மீதியை நீயே எண்ணிக்கொள்.

அந்த வரியை நிறுத்திவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. மூலநிரலை மறுபடி பிரித்து, இன்று காலை கட்ட ஆரம்பித்தேன். பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். பத்து நாள் இருக்கிறது.

பெரியவள்


மார்ச் 28

அக்கா,

நான்தான். அந்த வரியை எழுதியது நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வட்டு நிரம்பி வழிந்தது. நீங்கள் பழைய திருத்தப் பிரதிகளை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். அதுவும் போதவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் நான் இந்த வரியை எழுதிப் போட்டேன். இனிமேல் தானே சுத்தம் செய்துகொள்ளும், நமக்கு வேலை மிச்சம் என்று எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை பாடங்களைக் காணவில்லை என்றதும் இது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கடவுள் சத்தியமாக வரவில்லை. வெள்ளிக்கிழமை ரூட்டாக நுழைந்து கோப்புகளை நீக்கியது நீங்கள், அதனால் நீங்கள்தான் என்று ஒரு நொடியில் முடிவுகட்டிவிட்டேன். உங்கள் இடத்தில் கண் தெரிந்த யாராவது இருந்திருந்தால் முதலில் ஒரு தடவை சோதித்துப் பார்த்திருப்பேன். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. போன கடிதத்தில் சொன்ன விதம் தப்பு என்று எழுதினேன். விதம் இல்லை, அக்கா. சொன்னதே தப்பு. நினைத்ததே தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலை அளக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் கொழுந்தனார் வந்து விஷயத்தைக் கேட்டார். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாரே, அன்று இல்லை. "எங்க அண்ணிகிட்ட நீ நேர்ல போய்ச் சொல்லணும்" என்றார். "அதுக்கு முன்னாடி மேனேஜருக்கு எழுது."

எழுதிவிட்டேன். இத்துடன் சாதாரண மையில் இருக்கும் உறை மேலாளருக்கு. ஆறு பாடங்களை அழித்தது என் கைதான், உங்கள் கையில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறேன். ஃபிட்டர் முன்னால் பழி சொன்னேன், அதனால் இதையும் ஃபிட்டர் முன்னாலேயே படிக்கும்படி கேட்டிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கம்பைலர் என்ன ஆயிற்று? தபாலை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளே,

முடிந்தது! தகடுகள் மத்தியானம் வண்டியில் ஏறிவிட்டன. நூற்று இரண்டு தகடு. இப்போதுதான் சாப்பிட்டேன்.

பெட்டி மூன்று தடவை கட்டியது. அரைகுறை கம்பைலர் முதலில் ஒரு கம்பைலரைக் கட்டிக் கொடுத்தது. அது தன்னையே மறுபடி கட்டியது. அப்படி வந்தது இன்னொரு தடவை தன்னைக் கட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லாமல் ஒத்திருக்க வேண்டுமாம், இல்லையென்றால் எங்கோ தப்பு. எனக்குப் பழக்கமான வேலை. இரண்டு திருத்தப் பிரதிகளை ஒப்பிடுகிறவர்கள் கம்பைலர் எழுதுகிறவர்களிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. ஒரு தடவை நடுவில் இடம் போதவில்லை என்று நின்றது. முதல் கட்டத்தின் கழிவை நீக்கினேன். ஆமாம், நீக்கினேன், ரூட்டாக, என் கையால். பிறகு ஓடியது. நாலரை நாள். இரண்டும் ஒத்துப்போயின.

உன் நிரல் ஒரே தடவையில் கம்பைல் ஆனது. நீ எங்கோ ஒரு மாறிக்குப் பெயர் வைத்துவிட்டு அதை உபயோகிக்கவே இல்லை என்று புதுக் கம்பைலர் குறை சொன்னது. அதையும் திருத்திவிட்டேன்.

உன் உறை நேற்று வந்தது. யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்காமலே மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் முதலில் தனக்குள் படித்தார். பிறகு தகடு ஓடுகிற கூடத்துக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். வேலை தலைக்கு மேல் இருக்கும்போது நிறுத்தினால் ஃபிட்டர் சும்மா இருப்பாரா, "என்ன சார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தகடு போயிட்டிருக்கு" என்று சத்தம் போட்டார். மேலாளர் முழுவதையும் சத்தமாகப் படித்தார். பிறகு ஃபிட்டர் என்னிடம் வந்து, "நானும் அப்படித்தாம்மா நெனச்சிட்டிருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் இயந்திரத்தைப் போட்டார்.

தற்காலிக அனுமதி இன்றோடு முடிகிறது என்று மேலாளருக்கு ஞாபகப்படுத்தினேன். "எந்த அனுமதி?" என்றார்.

பெரியவள்


ஏப்ரல் 7

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் எலக்ட்ரீஷியன், உங்கள் கொழுந்தனார், தபால்காரர் எல்லோருக்கும் டீ. தபால்காரருக்கு எதற்கு என்று புரியவில்லை, ஆனாலும் குடித்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மதியத் தூக்கம் தூங்கினேன்.

மே மாதம் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அட்டவணையைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துவிடலாம், நீங்கள் சொன்ன மாதிரியே. அதைவிட முக்கியம், புவியியலின் ஆறு பாடங்கள். நான்தான் அழித்தேன், நானே அடித்துத் தருகிறேன். அச்சுப் பிரதியை மட்டும் எடுத்து வையுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தால் பத்து நாளில் முடித்துவிடுவேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டேன்.

16ஆம் தேதி என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்


ஏப்ரல் 18

என் சின்னவளுக்கு,

முப்பத்து நாலு பேரும் எழுதினார்கள். நான் பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தேன், உன் பெரிய அத்தானும் கூடவே. வெளியே வந்ததும் ஒரு பெண் பிள்ளை தோழியிடம், "ஏழாவது கணக்கு கொடுமைடி, வினாத்தாள் அடிச்சவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. குறிகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, கணக்கைத்தான் திட்டினார்கள். விலக்குப் படிவங்களை வாரியத்து அதிகாரி கட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மே மாதம் வா. மாமியார் உன் அறையில் வைத்திருந்த மூட்டைகளை இப்போதே இடம் மாற்றச் சொல்லிப் பெரிய அத்தானை விரட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் புவியியலுக்காக நீ உட்கார வேண்டாம். ஆறு பாடங்களையும் நான் அடித்து முடித்துவிட்டேன். போன ஜூலையில் ஆரம்பித்தேன். விசைப்பலகைக்கு அனுமதி இல்லாததால், உன் பெரிய அத்தான் அச்சுப் புத்தகத்தை வாசிக்க வாசிக்கக் கையால் ஊசி வைத்துக் குத்தினேன், வீட்டில், சாயங்காலங்களில். பிப்ரவரியில்தான் முடிந்தது.

ஏன் என்று கேட்பாய். நீ அன்று சொன்னதை நான் நம்பிவிட்டேன். கம்பைலரை நான் தொடவில்லை என்று அவ்வளவு அடித்துச் சொன்னேனே, புவியியலைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்து எழுதினேனா? எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமை எந்தக் கோப்பின் மேல் விரல் இருந்தது என்று நூறு தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்து தவறியிருக்கும், எனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். உன் மேல் கோபம் சொன்னதற்காகத்தான், பொய் என்பதற்காக இல்லை. என் விரல்தான் என் தொழில். அதன் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜூனிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துத்தான் ஒப்புதல் போட்டேன். மேலாளர், வேலை மெதுவாகப் போகிறது என்றார். வயதாகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரியைப் படித்த அன்று உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதை உனக்கு எழுதவும் தெரியவில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை எட்டாம் வகுப்பு வரலாற்றின் பிரதி வந்தது. முதல் பக்கத்தை ஒரே ஒரு தடவை படித்தேன். ஒப்புதல் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பெரியவள்